சிறகுக் குதிரையும் சிற்றுருவப் படைகளும்

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரிலிருந்து இன்று உலகெங்கும் ஒருவகைப் படை புறப்பட்டுச் செல்கிறது. அப்படையின் வீரன் ஒருவனது உயரம் ஏறத்தாழ 28 மில்லிமீட்டர். கட்டைவிரலின் மேற்கணு அளவு என்று கொள்ளலாம். மனிதர் மட்டுமல்லர், அரக்கர், பூதங்கள், நெருப்புமிழும் நாகங்கள், எலும்புக்கூட்டுப் போராளிகள் எனக் கதைகளில் மட்டுமே வாழ்வன யாவும் அதில் உண்டு. துண்டு துண்டாக வரும் இவ்வுருவங்களை வாங்கியவரே வெட்டி எடுத்து, ஒட்டி, வண்ணம் தீட்டி, மேசைமேல் அணிவகுத்துப் போர் நடத்துகிறார். சிறுவர்கள் அல்லர், மீசை நரைத்தவர்களே இதில் மிகுதியும் மூழ்கிக் கிடக்கின்றனர் என்று கேட்டால் நம்மவருள் சிலர் நகைப்பர்; சிலர் சினப்பர். ஆயினும் இப்படையின் குலமுறையைத் தேடிச் செல்வோமாயின், அது நம் வாசலுக்கே வந்து நிற்கக் காண்போம்.

யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நான்கு உறுப்பும் அமைந்த படைக்குச் சதுரங்கம் என்று பெயர். அப்படையைச் சிறு காய்களாக்கிப் பலகைமேல் ஏற்றிய விளையாட்டு, ஏறத்தாழ ஆறாம் நூற்றாண்டில் இந்திய மண்ணில் தோன்றியது. பாரசீகம் சென்று, அங்கிருந்து அரபு மக்களிடம் சேர்ந்தபோது அவர்தம் நாவுக்கேற்ப 'ஷத்ரஞ்ச்' ஆயிற்று. யானை 'ஃபீல்' ஆயிற்று. குதிரை 'ஃபரஸ்' ஆயிற்று. கலீஃபா அல்முக்தஃபியின் அவையில் புகழ்பெற்ற அபூபக்ர் அஸ்ஸூலீ போன்றோர் ஆட்டத்தைக் கலையாக வளர்த்து நூல்களும் யாத்தனர்.

இவ்வரபுப் பயணத்தில் காய்கள் தம் முகத்தை இழந்தன. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள நீஷாப்பூர்க் காய்களைப் பற்றிப் படிக்கும்போது இது தெளிவாகும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பளபளக்கும் மெருகிட்டுச் செய்யப்பட்ட அவற்றில் யானைக்குத் துதிக்கை இல்லை. இரண்டு தந்தங்களைக் குறிக்கும் இரு முனைகள் மட்டுமே உண்டு. குதிரைக்குக் கண்ணில்லை, காதில்லை. முன்புறம் சற்றே புடைத்த ஒரு முனையைக் கண்டு குதிரையென அறிந்துகொள்ள வேண்டும்.

உருவம் வரைவது பற்றிய மார்க்க எச்சரிக்கையே இதற்குக் காரணம் என்று ஐரோப்பிய ஆசிரியர் பலர் எழுதிவிட்டுப் போவர். நம்மவரும் அதனைப் பெருமையுடன் வழிமொழிவதுண்டு. அது முழு உண்மை என்று நமக்குத் தோன்றவில்லை. கடைசல் பொறியில் சுழற்றி எடுக்கக்கூடிய எளிய வடிவம், மலிவாகவும் விரைவாகவும் செய்யத்தக்கது என்பதும் ஒரு காரணமாதல் கூடும். மேலும், பாரிஸ் தேசிய நூலகத்தில் யானைத் தந்தத்தாலான ஓர் யானை உள்ளது. முதுகில் அம்பாரி, அதனுள் அமர்ந்த மனிதன், சுற்றிலும் வீரர்கள். சார்லமேன் மன்னனது காய் என்று நெடுங்காலம் கதை வழங்கிற்று. அதன் அடியிலோ கூஃபி எழுத்தில், யூசுஃப் அல்பாஹிலீ என்பார் செய்தது என்று அரபியில் பொறிக்கப்பட்டிருக்கிறது. முகமும் முழு உருவமும் உடைய இத்தகைய ஒன்றைச் செய்து, அஞ்சாமல் தம் பெயரையும் பொறித்த கைவினைஞர் நம்மிடையே இருந்தனர் என்பதை மறைப்பானேன்?

முகமிழந்த காய்கள் ஐரோப்பாவில் மீண்டும் முகம் பெற்றன. யானையை அறியாத அம்மக்கள், அதன் இரு தந்த முனைகளைப் பாதிரியாரின் பிளவுபட்ட தலையணியாகக் கண்டனர் என்பர். 1831-ஆம் ஆண்டு வெளிப்பட்ட ஸ்காட்லாந்து லூயிஸ் தீவின் புதையலில், பெரும்பாலும் கடற்குதிரை எனப்படும் வால்ரஸ் விலங்கின் தந்தத்தில் செதுக்கிய பன்னிரண்டாம் நூற்றாண்டுக் காய்கள் இருந்தன. கன்னத்தில் கைவைத்துக் கவலையோடு வீற்றிருக்கும் அரசிகளையும், வெறிகொண்டு தம் கேடயத்தையே கடிக்கும் வீரர்களையும் அவற்றில் காணலாம். இன்றைய சிற்றுருவங்களின் உடன்பிறப்புகள் என்றே அவற்றைச் சொல்லத் தோன்றுகிறது.

சதுரங்கப் பலகை போர்க்களமாக விரிந்தது ஜெர்மானிய நாட்டில். பிரவுன்ஷ்வைக் நகரின் கணித ஆசிரியர் ஹெல்விக் 1780-ஆம் ஆண்டில், சதுரங்கத்தைப் பெருக்கி ஆயிரத்துக்கு மேற்பட்ட கட்டங்களில் ஆறும் காடும் மலையும் வைத்து ஆடும் முறையை வெளியிட்டார். அடுத்து ரைஸ்விட்ஸ் பிரபு, வண்ணந்தீட்டிய நிலத்துண்டுகளை மாற்றி மாற்றி அடுக்கத்தக்க ஒரு மேசையைச் செய்து 1812-ஆம் ஆண்டில் பிரஷ்ய மன்னருக்கு அளித்தார். அவர் மகன் 1824-ஆம் ஆண்டில் விதிகளை ஒழுங்குசெய்து வெளியிட்டபோது, படைத் தலைமையே அதனை அதிகாரிகளின் பயிற்சிக்கு ஏற்றது. நிலப்படம், பகடை, நடுவர் என்னும் மூன்றும் அதில் இருந்தன. போரில் தற்செயலுக்கும் பங்குண்டு என்பதனால் பகடை புகுந்தது. இதனை நினைவில் இருத்துக, பின்னர் வேண்டப்படும்.

இஃது ஒருபுறமிருக்க, மற்றொரு மரபு பொம்மைக் கடைகளில் வளர்ந்தது. நியூரம்பர்க் நகரில் கற்பலகையில் குடைந்த அச்சில் வெள்ளீயம் ஊற்றித் தட்டையான வீரர்களை வார்த்தனர். 1893-ஆம் ஆண்டில் இலண்டனின் பிரிட்டன் நிறுவனம் உள்ளீடற்ற வார்ப்பு முறையைக் கண்டது. உருகிய ஈயத்தை அச்சில் ஊற்றி, ஓரம் உறைந்தவுடன் நடுவிலுள்ளதை வெளியே கொட்டிவிடுவர்; ஓடு மட்டும் நிற்கும். ஈயம் மிச்சம், விலை குறைவு, ஆதலால் ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் படை கிடைத்தது. இப்பொம்மைகளைக் கொண்டே எழுத்தாளர் ஹெச். ஜி. வெல்ஸ் தரையில் போராடினார். அதன் விதிகளை 'லிட்டில் வார்ஸ்' என்னும் நூலாக 1913-ஆம் ஆண்டில் வெளியிட்டார். மெய்யான போரின் மடமையைச் சிறு போர் காட்டிவிடும் என்பது அவர் நம்பிக்கை. மறு ஆண்டே ஐரோப்பா பற்றி எரிந்தது.

கற்பனை உயிர்கள் களம் புகுந்தது அண்மைக் காலத்தே. டோல்கீனின் கதைகள் அமெரிக்க இளைஞரை ஆட்கொண்டிருந்த வேளையில், கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரனும் 1971-ஆம் ஆண்டில் 'செயின்மெயில்' என்னும் இடைக்காலப் போர் விதிநூலை வெளியிட்டு, அதன் இறுதியில் பூதம், மந்திரவாதி ஆகியோருக்கும் விதி வகுத்தனர். பூத உருவங்கள் அக்காலத்தே கடைகளில் அரிது. ஆகவே கைகாக்ஸ் ஹாங்காங்கிலிருந்து வந்த மலிவான பிளாஸ்டிக் விலங்குப் பொம்மைகளை வாங்கி, அவற்றின் விசித்திர வடிவத்துக்கேற்பப் புதிய மிருகங்களைக் கற்பித்தார். எவனோ ஒரு தொழிலாளி விலங்கியல் அறியாது செய்த பொம்மை, இரும்பைத் துருவாக்கி உண்ணும் மிருகமாயிற்று!

1975-ஆம் ஆண்டில் இலண்டனில் மூன்று நண்பர்கள் கேம்ஸ் வொர்க்ஷாப் என்னும் சிறு நிறுவனத்தைத் தொடங்கினர். அவர்கள் முதலில் செய்து விற்றவை மரப்பலகைகள். அவற்றுள் 'மன்கலா' பலகையும் ஒன்று. 'நகல', அதாவது இடம் பெயர்த்தான், என்னும் அரபு வினையிலிருந்து பிறந்த அப்பெயருக்குரியது, நம் வீட்டுப் பெண்டிர் ஆடிய பல்லாங்குழியின் இனமே. பின்னர் இந்நிறுவனத்தார் உருவங்கள் வார்ப்பதிலும் இறங்கி, 1983-ஆம் ஆண்டில் 'வார்ஹாமர்' விளையாட்டையும், 1987-ஆம் ஆண்டில் அதன் விண்வெளி வடிவத்தையும் வெளியிட்டனர். 2024 டிசம்பரில் இலண்டன் பங்குச் சந்தையின் முதல் நூறு நிறுவனங்களுள் ஒன்றாக இது இடம்பெற்றது. பொம்மை வியாபாரம் என்று இனி யார் இகழ்வார்?

இக்கலையின் நுட்பத்தைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். தொடக்கத்தில் உருவங்கள் ஈயமும் வெள்ளீயமும் கலந்து வார்க்கப்பட்டன. நச்சு என்னும் கவலையால் பிற்காலத்தில் ஈயத்தை நீக்கினர். இன்று பிளாஸ்டிக்கே மிகுதி. கை, கால், தலை, வாள் ஆகியவை ஒரு சட்டத்தில் காய்த்துத் தொங்குவன போல் வரும். அவற்றைச் சிறு வெட்டுக்கருவியால் நறுக்கி எடுப்பர். அச்சின் இரு பாதி சேர்ந்த இடத்தில் மெல்லிய வரம்பு ஒன்று ஓடும். அதனைக் கத்தி முனையால் சுரண்டாது விட்டால் வண்ணம் பூசியபின் தழும்பாய்த் தெரியும். இதற்குரிய பசை வெறும் பசையன்று. பிளாஸ்டிக்கின் மேற்பரப்பையே கரைத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடும். பின் கறுப்போ வெள்ளையோ அடிப்பூச்சு. அதன்மேல் ஆடைக்கும் தோலுக்கும் உரிய நிறங்கள்.

இனித்தான் வித்தை. நீர்த்த கருஞ்சாயம் ஒன்றை உருவம் முழுவதும் ஓடவிடுவர். அது மேடுகளில் நில்லாது மடிப்புகளிலும் பள்ளங்களிலும் தேங்கி நிழலாகும். காய்ந்தபின், தூரிகையில் வெளிர்நிறம் தோய்த்து, அதனைத் துணியில் துடைத்து, ஏறத்தாழ உலர்ந்த நிலையில் மேடுகளின்மேல் உரசுவர். கவசத்தின் விளிம்பும் மயிரிழையும் வெயில் பட்டாற்போல் எழுந்து தோன்றும். கையளவுப் பொருளின்மேல் விழும் இயற்கை ஒளி, நாம் பெரிய மனிதனிடத்துக் காணும் நிழலை அதில் தருவதில்லை. ஆதலால் நிழலையும் ஒளியையும் வண்ணத்தாலேயே எழுத வேண்டியதாகிறது. கண்ணின் கருமணி இடுவதே கடைசிச் சோதனை. குர்ஆன் படி எடுத்த பழங்காலக் காத்திபுகள் மூச்சை அடக்கிப் புள்ளியிட்டதை நினைத்துக்கொள்ளலாம். ஓர் உருவத்துக்கு ஒரு மாலைப்பொழுது. தேர்ந்தவர் ஒன்றுக்கே பல வாரங்களும் செலவிடுவர்.

இங்கிலாந்தில் வாழும் எம் பழைய மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு எமக்கு எழுதினார். அவர் மகன் இரண்டாண்டு உழைத்துத் தீட்டிய நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள் வீட்டில் உள்ளனவாம். உறவினர் ஒருவர் வந்து, இவை சிலைகள், உடைத்தெறிக என்றாராம். பையன் மூன்று நாள் உண்ணவில்லை. மார்க்கம் என்ன சொல்கிறது என்பது கேள்வி.

உருவம் செய்வோர் மறுமையில் அதற்கு உயிரூட்டுமாறு பணிக்கப்படுவர் என்னும் ஹதீஸ் ஸஹீஹானது. அதை எளிதாகக் கடந்து செல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பாவைகள் வைத்து விளையாடியதும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளதே. அபூதாவூதில் காணும் செய்தி இன்னும் விரிவானது. பெருமானார் (ஸல்) அவர்கள் தபூக்கிலிருந்தோ கைபரிலிருந்தோ திரும்பிய சமயம், காற்று திரையை விலக்க, அன்னையாரின் பாவைகள் கண்ணில் பட்டன. நடுவே துணியால் இரு சிறகு வைத்த குதிரை ஒன்று. குதிரைக்குச் சிறகா என வினவியதற்கு, சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்ததை நீங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையார் மறுமொழி கூற, பெருமானார் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள்.

காணாத உயிரைக் கற்பனையால் சமைத்த பாவை அது. நாட்டிங்ஹாம் நிறுவனம் 2024-ஆம் ஆண்டில் மீண்டும் வெளியிட்ட பழைய படையொன்றிலும் சிறகுக் குதிரை ஏறிய வீரர்கள் உள்ளனர்.

இந்த ஹதீஸைக் கொண்டு விளையாட்டுப் பாவைகளைப் பொதுத் தடையிலிருந்து விலக்கியவர் பெரும்பாலோர் எனக் காழீ இயாழ் (ரஹ்) கூறியதை இப்னு ஹஜர் (ரஹ்) 'ஃபத்ஹுல் பாரீ'யில் எடுத்துரைக்கிறார். இச்சலுகை பின்னர் மாற்றப்பட்டுவிட்டது என்ற இப்னு பத்தால் போன்றோரின் சாய்வையும் அவர் மறைக்கவில்லை. சலுகை குழந்தைகட்கு மட்டுமா என்பதே அடுத்த சிக்கல். கைபராயின் அன்னையார் பதினான்கு வயதை ஒட்டியிருந்தார். தபூக்காயின் ஐயமின்றிப் பருவம் எய்தியிருந்தார் என்று இப்னு ஹஜரே கணக்கிடுகிறார். தலையை நீக்கினால் உருவத்தின் தடை நீங்கும் என்னும் விதியும் உண்டு. இப்பாவைகளின் தலை தனித்துண்டாகவே வருகிறது. ஒட்டுவதற்கு முன் ஒரு கணம் சிந்திக்க இடம் தருகிறது போலும்!

உடைக்க வேண்டா என்றே எழுதினோம். ஆடுவதற்காகக் கையாண்டு, பெட்டியில் கொட்டி, மறுநாள் மீண்டும் எடுக்கும் பொருள் பாவை. அதனை எவரும் வணங்குவதுமில்லை, கண்ணியப்படுத்துவதுமில்லை. ஆனால் ஆடாமல், கண்ணாடிப் பேழையில் விளக்கிட்டு வைக்கும் வழக்கமும் இத்துறையில் பெருகியுள்ளது. அதற்கு அன்னையாரின் குதிரையைச் சான்று காட்டுதல் எமக்கு ஒப்பாகத் தோன்றவில்லை. அவ்விளையாட்டின் கதையில் நான்கு பொய்த்தெய்வங்களும் அவற்றின் பூதப்படைகளும் உண்டு. அவற்றை வீட்டில் சேர்க்காதிருப்பதே நன்று என்றும் குறித்தோம். மார்க்கத் தீர்ப்பாக அன்று, ஆசிரியனின் அபிப்பிராயமாக.

எஞ்சியது பகடை. சதுரங்கத்தை ஹனஃபி, மாலிகி, ஹன்பலி மத்ஹபினர் விலக்கினர். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் மத்ஹபில், சூதும் தொழுகைப் பாராமுகமும் சேராவிடில் அது மக்ரூஹ் என்ற அளவில் நிற்கிறது. பகடையுருட்டும் 'நர்த்' ஆட்டத்தையோ அவர்களும் ஹராம் என்றே கொண்டனர். கணக்கையும் சிந்தனையையும் சார்ந்தது ஒன்று, தற்செயலைச் சார்ந்தது மற்றொன்று என வேறுபாடு காட்டிய இப்னு ஹஜர் அல்ஹைதமீ (ரஹ்), முதல்வகைக்கு மேலே கண்ட மன்கலாவையே 'துஹ்ஃபா'வில் உதாரணமாக வைக்கிறார். சிற்றுருவப் போரில் இரண்டும் கலந்துள்ளன. படை நகர்த்துவது சிந்தனை. வாள் பட்டதா இல்லையா என்பது பகடை. எப்பக்கம் மிகுதி என்று ஆடுவோரே உரைக்கட்டும்.

பகடையை அஞ்சுவோர்க்கு வழியில்லாமலும் இல்லை. பிரஷ்யப் படையின் வெர்டி து வெர்னுவா என்னும் தளபதி, பகடையும் அட்டவணைகளும் ஆட்டத்தைத் தாமதப்படுத்துகின்றன என்று கண்டு, 1876-ஆம் ஆண்டில் அவற்றை ஒதுக்கிவிட்டு, போரறிந்த நடுவர் ஒருவர் சொல்வதே முடிவு என்னும் முறையை வகுத்தார். எம் மாணவருக்கு அதனையும் எழுதியிருக்கிறோம். நடுவராக அமர அவர் தம் மாமனாரை நியமித்திருப்பதாகப் பதில் வந்திருக்கிறது.