கல்லைப் பிடித்து இறங்குதல்

தூத்துக்குடி முத்துக்குளிப்பில் மூழ்குபவர் நீந்தி இறங்கியதில்லை. கயிற்றில் கட்டிய கனத்த கல்லின்மேல் காலை ஊன்றிக்கொள்வார். கல் அவரைக் கீழே கொண்டு போகும். தரை தொட்டதும் கல்லை விட்டுவிடுவார், படகில் இருப்பவர் அதை இழுத்துக்கொள்வார். ஒரு மூச்சு, ஏழெட்டுப் பாகம் ஆழம். கொற்கைக் காலந்தொட்டு நம்மவர் இறங்கிப் பார்த்த கடல் ஏறக்குறைய அவ்வளவுதான். அதற்கும் கீழே தேட அவர்களுக்குக் காரணமில்லை. சிப்பிப் படுகைகள் அங்கே இல்லை.

தேடியவர்களோ தவறான விடையோடு தொடங்கினார்கள். 1840களில் எட்வர்ட் ஃபோர்ப்ஸ், ஈஜியன் கடலில் வலை இழுத்த அனுபவத்தைக் கொண்டு, சுமார் 550 மீட்டருக்குக் கீழே உயிர்கள் இரா என்று கருதினார். 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சேலஞ்சர் கப்பல் அந்தக் கருத்துக்கு இடமில்லாமல் செய்தது. ஆனால் சேலஞ்சர் வங்காள விரிகுடாவுக்குள் வரவேயில்லை.

நம் கடலின் ஆழத்தைத் துழாவியது, 1881இல் பம்பாயில் கட்டப்பட்ட இன்வெஸ்டிகேட்டர். அதன் முதல் வேலை கடற்கரைகளை அளந்து வரைபடம் போடுவது. உயிரியல் ஓய்வு நேரச் சலுகை. கப்பலின் மருத்துவரே இயற்கையியலாளர். 1888 முதல் 1892 வரை அப்பொறுப்பில் இருந்த ஆல்ஃபிரட் ஆல்காக், பின்னர் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் தலைவரானார். 1902இல் அந்தப் பயணங்களைப் பற்றிப் புத்தகமும் எழுதினார்.

ஆழ்கடல் மீன் வலையில் மேலே வரும்போது அழுத்தம் குறைந்து கண் பிதுங்கும், காற்றுப்பை விரிந்து இரைப்பையை வாய்வழியே தள்ளும். ஆல்காக் போன்றவர்கள் பெரும்பாலும் பிணங்களையே வகைப்படுத்தினார்கள். செக்கச் சிவந்த இறால்களைக் கண்டு வியந்தார்கள். சிவப்பு ஒளி எட்டாத ஆழத்தில் அந்த இறால் கருப்பாகத்தான் இருக்கும். விதிவிலக்காக ஒருமுறை, உயிரோடு வந்த இறால் வாளித் தண்ணீருக்குள் நீல ஒளியை உமிழ்ந்ததை ஆல்காக் பதிவு செய்திருக்கிறார். அந்த ஒரு வாளி வெளிச்சத்துக்காகவே அவர் நூலைப் படிக்கலாம் என்பேன்.

மீனை அதன் வீட்டிலேயே பார்க்க வேண்டும் என்ற ஆசை அங்கிருந்துதான் பிறக்கிறது. பள்ளிக்கரணையிலுள்ள தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் அமைத்த ரோசப் என்ற ஆளில்லா இயந்திரம் 2010இல் மத்திய இந்தியப் பெருங்கடலில் 5,289 மீட்டர் ஆழம் வரை சென்றது. அப்படியிருக்க மனிதர் ஏன் போக வேண்டும்? கேள்வி நியாயமானதுதான். அதே நிறுவனம் உருவாக்கும் மத்ஸ்யா 6000 மூவரை ஏற்றிக்கொண்டு 6,000 மீட்டர் இறங்க வேண்டியது. 2.1 மீட்டர் விட்டமும் 80 மில்லிமீட்டர் தடிப்பும் கொண்ட டைட்டானியம் உருண்டை, வெளியே சுமார் 600 மடங்கு வளிமண்டல அழுத்தம். 2025 தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் அதை நீரில் இறக்கிச் சோதித்தார்கள்.

இந்தச் செலவு இறாலுக்காக மட்டுமே செய்யப்படுவதாக எண்ணிவிட வேண்டாம். மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் மாங்கனீசு, நிக்கல், கோபால்ட் கலந்த உலோக உருண்டைகளைத் தேடும் உரிமை இந்தியாவுக்கு உண்டு. அவை பத்து லட்சம் ஆண்டுகளில் சில மில்லிமீட்டரே வளர்பவை. அவற்றைப் பற்றிக்கொண்டு வாழும் உயிர்கள் பலவற்றுக்கு இன்னும் பெயரே இடவில்லை. பெயரிடுமுன் அள்ளிவிடுவோமோ என்ற அச்சம் எனக்குண்டு.

இத்தகைய ஆழ்கடல் கலங்கள் பலவும் இறங்குவதற்கு எடைகளைச் சுமந்து செல்கின்றன. மேலே வரும் நேரத்தில் அவற்றைக் கழற்றிக் கடலடியிலேயே விட்டுவிடுகின்றன. இழுத்துக்கொள்ளப் படகில் யாரும் இல்லை.