எழுதிய கை எது?

உறையூரில் 1965 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தார் அகழ்வாய்வு நடத்தியபோது, சோழர் தலைநகராக விளங்கிய அந்த மண்ணுக்கடியிலிருந்து தமிழ் பிராமி எழுத்துக்கள் கீறிய பானையோடுகள் வெளிப்பட்டன. தமிழகத்தில் கிடைக்கும் இத்தகைய ஓடுகளில் பெரும்பாலும் காணப்படுவது ஆட்பெயரே. பலர் புழங்கும் இடத்தில் இது இன்னார் கைப்பட்டது என்று தெரியவேண்டும் என்னும் கவலை அவ்வளவு புராதனமானது.

அக்கவலை காவிரியின் நடுவே ஸ்ரீரங்கத்தில் வேறு வடிவம் கொண்டது. அங்கே அறுநூறுக்கும் மேற்பட்ட கல்வெட்டுக்கள் உள்ளன. அத்தகைய சாஸனங்களின் இறுதியில், ‘இவை இன்னார் எழுத்து’ என்று கையொப்பமிட்டு, உடன்பட்டவர் தம்மைப் பொறுப்பாளியாக்கிக்கொள்வது வழக்கம். ஆனால் அதே கோயிலின் சரித்திரமான ‘கோயிலொழுகு’, தலைமுறை தலைமுறையாகப் பலர் சேர்த்தும் திருத்தியும் வளர்த்த நூலாதலின், எந்தப் பகுதி எந்தக் கையினது என்று இன்று பிரித்தறிவது அரிதாகிவிட்டது.

பலர் கூடி ஒரே ஏட்டை எழுதும் அந்தப் பழைய முறைக்குப் புதிய வாழ்வு 1995 மார்ச்சில் வந்தது. வார்டு கன்னிங்ஹாம் என்னும் அமெரிக்கர் எவரும் திருத்தக்கூடிய முதல் ‘விக்கி’யை இணையத்தில் நிறுவினார். 2001-இல் விக்கிப்பீடியாவும், 2003-இல் தமிழ் விக்கிப்பீடியாவும் தோன்றின. கணக்குத் தொடங்காமல் எழுதுவோரின் ஐ.பி. முகவரியைப் பக்க வரலாற்றில் உலகறியப் பதிவதே பல ஆண்டுகள் அங்கே வழக்கமாயிருந்தது. இதில் இரு தோஷங்கள் இருந்தன. ஒரே கைபேசி நிறுவனத்தின் முகவரியில் பலர் மாறிமாறி வருவதால், ஒருவர் செய்த விஷமத்துக்கு மற்றொருவர் பழி சுமக்க நேர்ந்தது. எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்த வந்த மனிதரோ தம் இருப்பிடத்துக்கே துப்புக் கொடுத்தவரானார்.

இதற்குப் பரிகாரமாக 2024-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து விக்கிப்பீடியாக்களில் படிப்படியாக வந்ததே தற்காலிகக் கணக்கு. முதல் திருத்தத்தைச் சேமித்தவுடன் உலாவியில் ஒரு குக்கி வைக்கப்படுகிறது. தானாக உண்டான ஒரு பெயர் திருத்தத்தோடு பதிவாகிறது. தொண்ணூறு நாள்வரை அதே உலாவியிலிருந்து எழுதுவன யாவும் அப்பெயரிலேயே சேர்கின்றன. ஐ.பி. முகவரியைக் காணும் உரிமை, காவல் செய்யும் சிலருக்கு மட்டுமே உண்டு.

குக்கி என்பது 1994-இல் நெட்ஸ்கேப்பின் லூ மான்டுல்லி அமைத்த சாதனம். அதன் தன்மையை விளக்க, நம் ஊர்ச் சலவைத் துறையைப் பார்த்தால் போதும். வண்ணார் சேங்கொட்டைப் பாலைத் தொட்டு வேட்டியின் ஓரத்தில் இரண்டு புள்ளியும் ஒரு கோடும் இடுவார். சுண்ணாம்பு சேர்த்தால் அந்தக் கறை கறுத்து, எத்தனை வெளுப்புக்கும் நீங்காது நிற்கும். அதைக் காண்பவனுக்கு உடையவர் பெயரோ தெருவோ தெரியாது. ஆயினும் போன வாரத்து வேட்டியும் இந்த வாரத்து வேட்டியும் ஒரே வீட்டினது என்பது வண்ணாருக்கு ஐயமறத் தெரியும். குக்கியை அழித்தாலோ வேறு உலாவிக்கு மாறினாலோ குறி தொலைந்துபோம் என்பது மட்டுமே வேற்றுமை.

பொறுப்புக்கு வேண்டியது ஒரு கையைத் தொடர்ந்து அறிதலே. ஆளின் வீட்டைக் காட்டிக்கொடுப்பதன்று. கோயிலொழுகை எழுதியோர் பெயரை மறைத்தும்கூட ஆளுக்கொரு புள்ளிக்குறி இட்டுச் சென்றிருப்பின், அவர்களுடைய அடக்கத்துக்கும் பங்கம் வந்திராது. ஒவ்வொருவர் கண்டு சொன்னது எவ்வளவு என்பதும் நமக்குத் தெரிந்திருக்கும்.