ஆற்றங்கரைக் கிட்டங்கி



வரலாற்றைக் கோட்டையிலும் அரண்மனையிலும் தேடுவோர் பலர். மூட்டை அடுக்கிய கிட்டங்கியில் தேடுவோர் சிலர். பாங்காக் நகரில், சாவ் பிரயா ஆற்றின் தோன்புரிக் கரையில், அவ்வாறு தேடத்தக்க இடம் ஒன்று உண்டு.

1850ஆம் ஆண்டில் சீன வழிவந்த வணிகர் ஒருவர் அங்கே ஒரு துறையை அமைத்தார். ‘ஹுவாய் சுன் லோங்’ என்பது அதன் பெயர். நீராவிக் கப்பல் துறை என்று பொருள். நடுவே முற்றம், அதன் மூன்று புறமும் இரண்டடுக்குக் கட்டடங்கள், நான்காவது புறத்தில் ஆறு. 1855இல் சயாம் பிரிட்டனுடன் பௌரிங் உடன்படிக்கை செய்துகொண்டபின் அரிசி ஏற்றுமதி பெருகிற்று. அந்த அரிசி சிங்கப்பூருக்கும் வந்தது.

முற்றத்தை நோக்கிய நடுக் கட்டடத்தில் இருப்பது கல்லாப் பெட்டி அன்று, கோயில். கடலோடிகளைக் காக்கும் மாசூ அன்னை அங்கே வீற்றிருக்கிறாள். நம் தெலுக் ஆயர் தெருவின் தியான் ஹொக் கெங் கோயிலில் இருப்பவளும் இவளே. கரை சேர்ந்த வணிகர் முதலில் அவளை வணங்கினர். பிறகே விலை பேசினர். கடல் வாணிகம் பணத்தை மட்டும் நம்பி நடந்ததன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

1919இல் வாங்லீ குடும்பத்தார் இவ்விடத்தை வாங்கினர். பின்னாளில் கப்பல்கள் புதிய துறைமுகத்தை நாடியபோது, இது அலுவலகமாகவும் விளைபொருள் கிட்டங்கியாகவும் மாறிற்று. அதே குடும்பத்தார் இதைச் செப்பனிட்டு, 2017இல் ‘லோங் 1919’ என்ற பெயரில் மக்களுக்குத் திறந்துவிட்டனர்.

செப்பனிட்டோர் சுவருக்குப் புது வண்ணம் பூசவில்லை. மேலே படிந்திருந்த பழைய பூச்சுகளைச் சுரண்டி எடுத்தனர். அடியில், சீனக் கைவினைஞர் தீட்டிய ஓவியங்கள் வெளிப்பட்டன. பழைமையைக் காப்பது என்பது பளபளப்பாக்குவது அன்று. மறைந்திருப்பதை வெளிக்கொணர்வதே ஆகும்.

ஆயினும், ஒருமுறை காத்தால் போதாது. சில ஆண்டுகளிலேயே அவ்விடம் ஓட்டல் தொழில் செய்யும் நிறுவனத்திடம் நீண்டகாலக் குத்தகைக்குச் சென்றது. காவல் ஒவ்வொரு தலைமுறைக்கும் உரிய கடமை.

சிங்கப்பூர் ஆற்றுக்கு அருகே, மார்க்கெட் தெருவில், நகரத்தாரின் கிட்டங்கிகள் இருந்தன. அங்கேயும் கணக்கு இருந்தது, சாமி படம் இருந்தது, ஊர் நினைவு இருந்தது. 1970களின் நகரச் சீரமைப்பில் அவை மறைந்தன. இன்று அவற்றைப் புகைப்படத்தில்தான் காட்ட முடியும்.

சுவர் நின்றால் அடியில் உள்ள ஓவியம் என்றாவது வெளிப்படும். சுவரே போய்விட்டால் எதைச் சுரண்டிப் பார்ப்பது?