ரிட்டர்ன் டிக்கெட் இல்லாத கிறிஸ்துமஸ்

சில வருஷம் முன்னாடி டிசம்பரில் ஆன்சைட் வேலையாக மெல்பேர்னில் இருந்தேன். க்ளையன்ட் ஆபீஸ் மொத்தமும் லீவு. நம்ம ஊர் ஆட்கள் மூணு பேரை மட்டும் சப்போர்ட்டுக்கு உட்கார வைத்திருந்தார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் ரூமில் உட்கார முடியாமல் காலாற நடந்தவன், ஆள் கூட்டத்தைப் பார்த்து செயின்ட் பாட்ரிக்ஸ் கதீட்ரலுக்குள் நுழைந்துவிட்டேன். நான் கிறிஸ்தவன் இல்லை. கடைசி வரிசையில் ஒரு ஓரமாக நின்றுகொண்டேன். உள்ளே பாடகர் குழு பாடிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் ஏதோ செய்தது.

அந்தக் குழுவின் கதையைத் தேடிப் படித்தது அப்புறம்தான். அன்றைக்கு ராத்திரி "தீபாவளிக்கும் போகலை, பொங்கலுக்கும் போக முடியாது" என்று என்னை நானே நினைத்துப் பரிதாபப்பட்டதற்கு ரொம்ப வெட்கமாகிவிட்டது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

1939. வியன்னாவிலிருந்து ஒரு சிறுவர் பாடகர் குழு உலகச் சுற்றுப்பயணத்தில் இருக்கிறது. பெயர் வியன்னா மொஸார்ட் சிறுவர் பாடகர் குழு. உலகப் புகழ் பெற்ற வியன்னா பாய்ஸ் குவயர் வேறு, இது வேறு. ரெண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். சுமார் 20 பையன்கள், அவர்களை நடத்திக் கூட்டிப்போகிற இசை இயக்குநர் டாக்டர் கியோர்க் க்ரூபர். ஆஸ்திரேலியாவில் ஊர் ஊராகப் பாடி முடித்து, கடைசியில் மேற்குக் கரையில் இருக்கும் பெர்த்துக்கு வந்துவிட்டார்கள். அங்கிருந்து ஊருக்குக் கப்பல் ஏற வேண்டியதுதான் பாக்கி.

செப்டம்பர் 1, ஹிட்லர் போலந்துக்குள் நுழைகிறார். செப்டம்பர் 3, பிரிட்டன் போர் அறிவிக்கிறது. அன்று இரவே ஆஸ்திரேலியப் பிரதமர் மென்ஸிஸ் ரேடியோவில் வந்து, பிரிட்டன் போரில் இறங்கியதால் ஆஸ்திரேலியாவும் போரில் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறார். அவ்வளவுதான். கப்பல் கிடையாது.

இதில் இன்னொரு சிக்கல் பாருங்க. 1938 மார்ச்சிலேயே ஜெர்மனி ஆஸ்திரியாவை விழுங்கிவிட்டது. ஆக, இந்தப் பசங்க சட்டப்படி ஜெர்மானியர்கள். நேற்று வரைக்கும் கைதட்டிய ஊரில், விடிந்து எழுந்தால் எதிரி நாட்டுக் குடிமக்கள்! பிற்பாடு பெரிய ஆபரா இயக்குநராக வந்த ஸ்டெஃபன் ஹாக் அந்தக் குழுவில் ஒருவர். 1925-ல் பிறந்தவர், அப்போது வயது 14. அவரைவிடச் சின்னப் பையன்களும் இருந்தார்கள்.

இங்கேதான் மெல்பேர்ன் பேராயர் டேனியல் மானிக்ஸ் வருகிறார். 75 வயது. அயர்லாந்துக்காரர். முதல் உலகப்போரின்போது கட்டாய ராணுவ சேவை கூடாது என்று மேடை போட்டுப் பேசியதால் அரசாங்கத்துக்கு ஆகாதவர். 1920-ல் சொந்த ஊருக்குப் போய்க்கொண்டிருந்தவரை, அயர்லாந்தில் கால் வைக்கக்கூடாது என்று பிரிட்டிஷ் கடற்படை நடுக்கடலிலேயே கப்பலிலிருந்து இறக்கிக் கொண்டுபோய் இங்கிலாந்தில் விட்டது. ஊர்க்கரை வரைக்கும் வந்து திருப்பி விடப்படுவது என்னவென்று அவருக்கு அனுபவம் உண்டு. அவர் சொன்ன ஏற்பாடு சிம்பிள். பசங்க கதீட்ரலில் பாடட்டும். கத்தோலிக்கக் குடும்பங்கள் ஆளுக்கு ஒருத்தராக வீட்டில் வைத்துக்கொள்ளட்டும். சாப்பாடு, படிப்பு நம்ம பொறுப்பு. செயின்ட் பாட்ரிக்ஸ் பாடகர் குழு தன் பிறப்பை இந்த 1939-லிருந்துதான் கணக்கு வைக்கிறது.

அந்த வருஷத்துக் கிறிஸ்துமஸ் அப்படித்தான் வந்தது.

வியன்னாவில் பண்டிகை என்றால் 24-ம் தேதி சாயங்காலம். வெளியே குளிர், சீக்கிரம் இருட்டிவிடும். மரம் ஜோடித்திருக்கும் அறைக்குள் குழந்தைகளை விட மாட்டார்கள். உள்ளே மணி அடித்த பிறகுதான் கதவு திறக்கும். பரிசு கொண்டு வருவது கிறிஸ்துமஸ் தாத்தா இல்லை, குழந்தை இயேசு. மெல்பேர்னிலோ கொளுத்துகிற வெயில் காலம். இங்கிலீஷ் வழக்கப்படி 25-ம் தேதி பகலில்தான் விருந்து, பரிசு எல்லாம். ஆக, தன் வீட்டில் மணி அடிக்க வேண்டிய சாயங்காலம், இங்கே ஒன்றும் நடக்காத ஒரு வெயில் சாயங்காலம். மறுநாள் யாரோ ஒரு அம்மா அன்பாகப் பரிமாறுகிறார், ஆனால் அவர் பேசுகிற பாஷை வேறு. அந்த நாடும் தன் நாடும் சண்டையில் இருக்கிறது. எத்தனை அன்பு இருந்தாலும் ஒரு பையனுக்கு இது எப்படி இறங்கும்?

ஒன்று யோசித்தேன். ஊருக்கெல்லாம் கிறிஸ்துமஸ் லீவு நாள். பாடுகிறவனுக்கு அதுதான் வருஷத்திலேயே பெரிய வேலை நாள். கல்யாண சீசனில் நாதஸ்வரக்காரர் வீட்டில் இருக்க முடியுமா? இன்றைக்கும் புகழ்பெற்ற சிறுவர் குழுக்கள் டிசம்பரில் வீட்டை விட்டு வெளியூரில்தான் பாடிக்கொண்டிருக்கின்றன. ஆனால் அதற்கு ஒரு முடிவு தேதி உண்டு. டூர் முடியும், அம்மா வாசலில் நிற்பாள். இந்த 20 பேருக்கும் அந்தத் தேதியைத்தான் யாரோ அழித்துவிட்டார்கள்.

தபால்? எதிரி நாடுகளுக்கு நடுவே நேரடித் தபால் நின்றுபோனது. அந்தப் போரில் பிரிந்து கிடந்த குடும்பங்களுக்கு இருந்த வழி செஞ்சிலுவைச் சங்கம் மூலம் அனுப்பும் செய்தி. அதிகபட்சம் 25 வார்த்தை, அதுவும் சென்சார் பார்த்த பிறகு. நாம எஸ்.எம்.எஸ்.ஸில் 160 எழுத்து பத்தலை என்று புலம்பின ஆட்கள்!

1941-ல் அடுத்த இடி. நாஜித் தொடர்பு சந்தேகத்தில் க்ரூபரைப் பிடித்து முகாமில் அடைத்துவிட்டார்கள். பையன்களுக்கு ஊரோடு இருந்த ஒரே தொடர்பு அவர்தான். 1947-ல் அவரை நாடு கடத்தினார்கள். பின்னாளில் தென்னாப்பிரிக்காவில் ரோட்ஸ் பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியராக இருந்தார். அவர் நல்லவரா கெட்டவரா என்று தீர்ப்பு சொல்ல நான் ஆள் இல்லை. கதீட்ரல் குழுவை 1942-லிருந்து பெர்ஸி ஜோன்ஸ் என்ற பாதிரியார் ஏற்று, 1973 வரைக்கும் நடத்தினார்.

ஐரோப்பாவில் போர் முடிந்தது 1945 மே மாதம். 1939-லிருந்து எண்ணினால் நடுவில் ஆறு கிறிஸ்துமஸ். சிறுவர் குழுவில் ஒரு பையனுக்கு ஆயுசு எவ்வளவு? குரல் உடையும் வரைதான். நம்ம பழைய நாடகக் கம்பெனிக்காரர்கள் மகரக்கட்டு உடைவது என்பார்கள். எந்தக் குரலை நம்பி அம்மாக்கள் ஊர் சுற்ற அனுப்பினார்களோ, அந்தக் குரலே இப்போது இல்லை. 12 வயதில் போனவன் 18 வயது இளைஞன். வியன்னாவிலோ 1945 மார்ச்சில் குண்டு விழுந்து ஆபரா ஹவுஸ் எரிந்துவிட்டது. 1955 வரைக்கும் அந்த ஊரை நாலு வல்லரசுகள் பங்கு போட்டு வைத்திருந்தன. பையன்களில் பெரும்பாலானவர்கள் ஆஸ்திரேலியாவிலேயே தங்கிவிட்டார்கள். ஸ்டெஃபன் ஹாக் 1960களில் எலிசபெதன் தியேட்டர் டிரஸ்டின் நிர்வாக இயக்குநர் ஆனார். அந்நாட்டு ஆபராவை வளர்த்த பெயர்களில் அவர் பெயரும் உண்டு.

நல்ல முடிவு மாதிரிதான் தெரிகிறது இல்ல? சரித்திரம் படிக்கிற நமக்கு அப்படித்தான் தெரியும், ஏன்னா நமக்கு 1945 தெரியும். 1939 டிசம்பரில் நின்ற பையனுக்குத் தெரியாது. அடுத்த கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் போயிடலாம் என்று ஒவ்வொரு வருஷமும் நினைத்திருப்பான்.

அன்று ராத்திரி கதீட்ரலை விட்டு வெளியே வந்தபோது மணி பன்னிரண்டரை. நம்ம ஊரில் ஏழு. அம்மாவுக்குப் போன் போட்டேன். "சாப்பிட்டியாடா? எப்ப வர்றே?" என்றாள். வழக்கம்போல "ப்ராஜெக்ட் முடியட்டும்மா, பார்க்கலாம்" என்றேன்.

கதையைப் படித்த பிறகு அந்த பதில்தான் உறுத்தியது. அந்தப் பையன்களுக்குக் கப்பல் இல்லை. எனக்கு பிளைட் இருந்தது, லீவும் இருந்தது. தள்ளிப் போட்டது நான்தான்.

அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டேன். மேனேஜர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பரவாயில்லை.