மாரடைப்புக்குப் பின் சிறுநீரகம் சொல்லும் கணக்கு

மாரடைப்பு வந்தவரைக் காப்பாற்றுவதில் கொங்கு மண்டலத்துக்கு ஒரு முன்னோடிப் பங்கு உண்டு. கோவை மெடிக்கல் சென்டரின் இதய மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டரும் அவருடைய சகாக்களும் முதலில் கோவைக்கும் ஈரோட்டுக்கும் இடையே ஒரு முன்னோட்டம் நடத்தினார்கள். ஆஞ்சியோ வசதியுள்ள பெரிய மருத்துவமனையோடு சுற்று வட்டாரத்துச் சிறிய மருத்துவமனைகளைப் பிணைக்கும் ஏற்பாடு அது. 2012 ஆகஸ்டு முதல் 2014 ஜூன் வரை தமிழ்நாட்டின் நான்கு இடங்களில் அதை விரிவாகச் சோதித்து, 2,420 நோயாளிகளின் கணக்கை 2017-இல் வெளியிட்டார்கள். ஓராண்டுக்குள் இறந்தவர்களின் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்திருந்தது.

பெரிய வெற்றிதான். ஆனாலும் ஏழு பேரில் ஒருவர் அந்த ஓராண்டைத் தாண்டவில்லை. யாருக்கு ஆபத்து அதிகம் என்று முன்கூட்டியே காட்டும் அடையாளங்களுள் முக்கியமான ஒன்று நெஞ்சுக்குள் இல்லை. இடுப்புக்கு மேலே, முதுகுப் பக்கம் இருக்கிறது.

இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் உள்ள உறவை முதலில் கண்டவர் லண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்டு பிரைட். சிறுநீரக நோயால் இறந்தவர்களின் உடலை அறுத்துப் பார்த்தபோது பலருக்கு இதயம் பெருத்திருந்ததை 1836-இல் அவர் பதிவு செய்தார். ஆனால் உயிரோடு இருப்பவரின் சிறுநீரகத்தை எப்படி அளப்பது? 1886-இல் மாக்ஸ் யாஃபே கண்ட வேதிவினை, கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளை அளக்க வழி திறந்தது. அந்த அளவையும் வயதையும் எடையையும் சேர்த்துச் சிறுநீரகத்தின் வடிதிறனைக் கணக்கிடும் எளிய சூத்திரத்தை 1976-இல் காக்கிராஃப்டும் கால்ட்டும் தந்தார்கள்.

அதற்குப் பிறகும் இதய மருத்துவர்கள் இந்தப் பக்கம் திரும்பப் பல ஆண்டுகள் ஆயின. 1998-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று திடுக்கிட வைத்தது. டயாலிசிஸில் இருக்கும்போது மாரடைப்பு வந்தவர்களில் 59 சதவீதம் பேர் ஓராண்டுக்குள் இறந்திருந்தார்கள். சிறுநீரகம் முற்றிலும் கெட்டவர்களின் நிலை இது. கொஞ்சம் மட்டும் பழுதானவர்கள்?

அதற்கு விடை 2004-இல் வந்தது. மாரடைப்பால் இதயம் பலவீனமான 14,527 பேரை நாகேஷ் அனவேகர் குழுவினர் ஆராய்ந்தார்கள். வடிதிறன் 75-க்குக் குறையாதவர்களில் மூன்றாண்டுக்குள் இறந்தவர்கள் 14.1 சதவீதம், 45-க்குக் கீழே இருந்தவர்களில் 45.5 சதவீதம். திறன் 81-க்குக் கீழே பத்துப் பத்தாக இறங்க இறங்க, ஆபத்தும் ஏறக்குறைய பத்து சதவீதம் வீதம் ஏறியது. அதற்கு முந்தைய ஆண்டே, மருத்துவமனை மரணத்தைக் கணிக்கும் ‘கிரேஸ்’ மதிப்பெண்ணின் எட்டு அம்சங்களில் கிரியேட்டினினும் ஒன்றாக இடம்பெற்றுவிட்டது.

காரணம் இருவழிப் பாதை. பலவீனமான இதயம் சிறுநீரகத்துக்கு அனுப்பும் ரத்தம் குறைகிறது. பழுதான சிறுநீரகம் ரத்த அழுத்தத்தையும் ரத்தசோகையையும் கூட்டி, உடலில் நீரைத் தேக்கி, இதயத்தின் சுமையை ஏற்றுகிறது. இதில் வேதனையான பகுதி வேறு. சிறுநீரகம் பழுதான முதியவர்களுக்கு ஆஸ்பிரின், பீட்டா பிளாக்கர் போன்ற அடிப்படை மருந்துகளே குறைவாகக் கொடுக்கப்பட்டதை 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. அதிக ஆபத்தில் இருந்தவர்களுக்கே சிகிச்சை குறைந்தது.

நம் ஊரில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. காட்டு வேலை செய்து மெலிந்த, 45 கிலோ எடையுள்ள 70 வயதுப் பாட்டிக்கு ‘உப்பு’ (அதாவது கிரியேட்டினின்) 1.2 என்று வைத்துக்கொள்வோம். ரிப்போர்ட்டில் அது பெரிதாகத் தெரியாது. காக்கிராஃப்ட்-கால்ட் சூத்திரப்படி அவருடைய வடிதிறன் 31 மட்டுமே. அதே 1.2 உள்ள, 75 கிலோ எடையுள்ள 40 வயது ஆணுக்கு 87 வரும். வெயிலில் பாடுபடும் விவசாயிகளிடையே காரணம் தெரியாத சிறுநீரக நோய் இருப்பதைத் தமிழ்நாட்டு மருத்துவர்கள் பதிவு செய்துள்ள இந்தக் காலத்தில், இந்த வேறுபாட்டை அலட்சியப்படுத்த முடியாது.

2023-இல் தமிழக அரசு இரண்டு திட்டங்களைத் தொடங்கியது. ‘இதயம் காப்போம்’ ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளைத் தருகிறது. ‘சிறுநீரகம் காக்கும் சீர்மிகு மருத்துவத் திட்டம்’ சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று பார்க்கிறது. இரண்டும் ஒரே நோயாளியின் சீட்டில் சந்திக்க வேண்டும். மாரடைப்புக்குப் பின் வீடு திரும்பும் ஒவ்வொருவரின் டிஸ்சார்ஜ் சீட்டிலும் எக்கோ முடிவுக்குப் பக்கத்திலேயே சிறுநீரக வடிதிறனையும் மருத்துவமனைகள் எழுதித் தரட்டும். எழுதவில்லையென்றால், உடன் இருப்பவர்கள் தயங்காமல் கேட்டு வாங்குங்கள்.