பெல்லாரிப் பள்ளிகளும் கேசிராசரின் இலக்கணமும்

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, மாவட்டந்தோறும் உள்ள நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்குமாறு 1822ஆம் ஆண்டில் பணித்தார். ஆட்சியர் சிலர் அட்டவணையை நிரப்பி அனுப்பியதோடு அமைந்தனர். பெல்லாரி ஆட்சியர் ஏ.டி. கேம்ப்பெல்லோ 1823 ஆகஸ்டில் விரிவானதோர் அறிக்கையே வரைந்தார். தெலுங்குக்கு இலக்கணம் எழுதியவர் அவர்; மொழிப் பயிற்சி உடையார் கண்ணுக்கே புலப்படும் செய்திகள் அதில் உள்ளன.

அம்மாவட்டத்தில் இருந்த பள்ளிகள் 533. கன்னடம் பயிற்றியவை 235, தெலுங்கு 226, மராத்தி 23, வடமொழி 23, பாரசீகம் 21, தமிழ் 4, ஆங்கிலம் ஒன்றே ஒன்று. மாவட்டம் ஒன்று, பயிற்றுமொழிகளோ ஏழு! எனினும் பயின்றோர் 6,641 பேரே. ஆயிரவருக்கு எழுவர்கூட இல்லை.

சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பழகினர். காலையில் முதலாவதாக வந்தவன் உள்ளங்கையில் கலைமகள் பெயர் எழுதப்படும். இரண்டாமவனுக்குச் சுழி; அவனுக்குப் புகழும் இல்லை, பழியும் இல்லை. மூன்றாமவனுக்கு மெல்லிய ஓரடி, நான்காமவனுக்கு இரண்டு. பின்வருவோர்க்கு ஒவ்வொன்றாக ஏறும். மூத்த மாணாக்கர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையைக் கேம்ப்பெல் வியந்து போற்றுகிறார்.

அவர் கண்ட குறையோ வேறு. பாடநூல்களின் செய்யுள் வழக்கு ஒன்று, வீட்டுப் பேச்சு மற்றொன்று. பிள்ளைகள் பொருளுணராமலே நூற்றுக்கணக்கான பாடல்களை ஒப்பித்தனர். இதற்கு மருந்து நிகண்டும் இலக்கணமுமே. கேம்ப்பெல் தரும் அத்தகைய நூல்களின் பட்டியலில் அமரம் முதலியவற்றோடு சப்தமணிதர்ப்பணமும் காணப்படுகிறது. 13ஆம் நூற்றாண்டில் கன்னட மொழிக்கு இவ்விலக்கணத்தை யாத்த கேசிராசர் சமணர். தமிழில் நன்னூல் தந்த பவணந்தியாரும், அவரை ஆதரித்த சீயகங்கனும் இங்கு நினைவுக்கு வருதல் இயல்பே. நிற்க.

இன்றியமையாத இந்நூல்களே பள்ளிகளில் மிக அரிதாகக் காணப்பட்டன என்கிறார் கேம்ப்பெல். ஏட்டுப்படியின் விலை மிகுதி, ஆசிரியரோ வறியர். பிள்ளைகள் தரும் சிறு பொருளைக் கொண்டு வாழ்ந்தவர் இலக்கண ஏட்டை எங்ஙனம் வாங்குவார்? கற்பித்தவரைக் குறை கூறுதல் முறையன்று. பெற்றோர் நிலையும் தாழ்ந்திருந்தது. ஆங்கிலப் பருத்தித் துணியின் வரவால் உள்ளூர் நெசவு நலிந்தது. எழுத்தறியும் பருவத்திலேயே பிள்ளைகள் கூலி வேலைக்குச் சென்றனர். இதனை ஆட்சியாளருள் ஒருவரே எழுதி வைத்தமை குறிப்பிடத்தக்கது.

1826 மார்ச்சில் மன்றோ மாகாணத்துப் பள்ளிகள் 12,498 எனத் தொகுத்துரைத்து, ஆசிரியர்க்கு அரசு ஊதியம் வழங்கும் திட்டமும் வகுத்தார். மறு ஆண்டே வாந்திபேதி அவர் உயிரைக் கவர்ந்தது. கேசிராசர் நூல் கிட்டல் பாதிரியாரின் பதிப்பாக மங்களூரில் வெளிவந்தது 1872இல். பெல்லாரி அறிக்கை எழுதப்பெற்று அப்போது நாற்பத்தொன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன.