பஞ்சமி நிலமும் பதிவேட்டின் குறிப்புக் கலமும்

கிராமக் கணக்கு யார் கையில் இருந்தது என்று கேட்காமல் தமிழகத்தின் நில வரலாற்றை எழுத முடியாது. 1980 நவம்பர் 14ஆம் நாள் ஓர் அவசரச் சட்டம் பழைய கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது. அதுவரை அடங்கலும் சிட்டாவும் பல ஊர்களில் கர்ணத்தின் வீட்டில்தான் இருந்தன. பெரும்பாலும் வழிவழியாக வந்த பதவி அது. சேரியிலிருந்து ஒருவர் போய்த் தன் நிலத்தின் பெயரில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பதற்கு, முதலில் அந்தத் தெருவுக்குள் நடக்க வேண்டியிருந்தது.

இன்று அதே கணக்கின் ஒரு பகுதி இணையத்தில் கிடைக்கிறது. நம்மில் பலர் வீட்டுமனைப் பட்டாவை அச்சிட்டுக்கொள்வதோடு அந்தப் பக்கத்தை மூடிவிடுகிறோம். ஆனால் அப்பதிவேடுகளுக்குள் நூறாண்டுக்கும் மேலான ஒரு வழக்கு இன்னும் முடியாமல் கிடக்கிறது. பஞ்சமி நிலங்களைச் சொல்கிறோம்.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பிலிருந்த ட்ரெமென்ஹீர், அம்மாவட்டத்துப் பறையர்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். குடியிருக்கும் மனைகூட மிராசுதாருக்கு உரியது என்பதால் எதிர்த்துப் பேசினால் வீட்டைவிட்டே வெளியேற்றப்படலாம், தரிசு நிலத்தைக் கேட்டு மனுச் செய்தால் மிராசுதாரின் முன்னுரிமை குறுக்கே நிற்கும், கடன் பண்ணையடிமையாக்கும். இவற்றையெல்லாம் ஓர் ஆங்கிலேய அதிகாரி அரசுக் கோப்பில் எழுதிவைத்தது சிறிய செயலன்று. வருவாய் வாரியம் அவர் கூற்றுகளை எளிதில் ஏற்கவும் இல்லை. ஆயினும் 1892 செப்டம்பர் 30ஆம் நாள் 1010ஆம் எண்ணுள்ள வருவாய்த் துறை அரசாணை வெளிவந்தது. ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு நிலம் ஒதுக்க வழி பிறந்தது.

சென்னை மாகாணம் முழுவதும் இவ்வாறு ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் வழங்கப்பட்டது என்பது பரவலாக எடுத்தாளப்படும் கணக்கு. நிலம் நிபந்தனையோடு வந்தது. முதல் பத்தாண்டுகள் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறினால் கைமாற்றம் செல்லாது; அரசு நிலத்தை மீட்டுக்கொள்ளலாம். மக்கள் வழக்கில் பஞ்சமி நிலம் என்றும் அலுவலக வழக்கில் டி.சி. நிலம் என்றும் பெயர் பெற்றவை இவை. ஏமாற்றுவோர் வருவார்கள் என்பதை முன்கூட்டியே அறிந்து எழுதிய நிபந்தனை என்றுதான் நமக்குத் தோன்றுகிறது.

வந்தார்கள். கடனுக்கு ஈடாகவும் வெற்றுத்தாளில் வாங்கிய கைநாட்டாலும் நிலங்கள் கைமாறின. கைமாற்றம் செல்லாது என்பதற்கான சான்று, பதிவேட்டின் கடைசியில் உள்ள குறிப்புக் கலத்தில் எழுதப்பட்ட ஓரிரு சொற்கள் மட்டுமே. ஒவ்வொரு மறு அளவையிலும் புல எண்கள் மாறின. 1979 முதல் 1987 வரை நடந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், யுடிஆர் என்று வருவாய்த் துறையினர் சொல்வது, பதிவேடுகள் புதிதாக எழுதப்பட்டன. அப்போது அனுபவத்தில் இருந்தவர் பெயர் ஏறி, அந்த ஓரிரு சொற்கள் பெயர்த்தெழுதப்படாமல் போன இடங்கள் உண்டு. நிலத்தை எவரும் புதிதாகப் பறிக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு கலத்தைக் காலியாக விட்டால் போதுமானதாக இருந்தது.

காரணை என்ற ஊரின் பெயர் இவ்வழக்கில் மறக்க முடியாதது. அவ்வூரின் பஞ்சமி நிலத்தை மீட்பதற்கான போராட்டத்தில், 1994 அக்டோபர் 10ஆம் நாள் செங்கல்பட்டில் காவல் துறை சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தனர். அரசாணை பிறந்து 102 ஆண்டுகள் கழிந்திருந்தன.

சரி, ஓர் ஊரின் நிலத்தைப் பற்றி இன்று நாம் அறிய விரும்பினால் எங்கே தொடங்குவது? வருவாய்த் துறையின் மின்சேவைத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் ஆகியவற்றைக் கொடுத்தால் பட்டா விவரமும் புலப்படமும் 'அ' பதிவேட்டின் பகுதியும் கிடைக்கும். பட்டாவைவிட 'அ' பதிவேடே நமக்கு முக்கியம். நிலத்தின் வகைப்பாடும் தீர்வையும் குறிப்பும் அதில்தான் வரும். வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறையின் தளத்தில் பார்க்கலாம். பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975 முதலான பதிவுகள் அங்கே உண்டு. அதற்கு முந்தையவற்றுக்குச் சார்பதிவாளரிடம்தான் மனுச் செய்ய வேண்டும்.

இந்தத் தளங்கள் காட்டுவது பெரும்பாலும் இன்றைய நிலையை. பஞ்சமி நிலத்தின் கதையோ முந்தைய அடுக்குகளில் இருக்கிறது. யுடிஆருக்கு முந்தைய 'அ' பதிவேடு, அதற்கும் முந்தைய நிலவரித் திட்டப் பதிவேடுகள், பழைய எண்ணையும் புதிய எண்ணையும் இணைக்கும் பட்டியல் ஆகிய மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் குறிப்பு எந்த இடத்தில் காணாமற்போனது என்பது தெரியும். பழைய ஏடுகளில் ஆண்டு பசலியில் இருக்கும். அதனோடு 590ஐக் கூட்டினால் அப்பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1302 என்பது 1892 ஜூலையில் தொடங்கியது. இச்சிறு கணக்குத் தெரியாமல் தவறான கட்டை அவிழ்ப்பவர்கள் பலர்.

வருவாய் வாரிய நடவடிக்கைகளும் பழைய அரசாணைகளும் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1909இல் சென்னை ஆவண அலுவலகமாக அமைந்த சிவப்புக் கட்டடம் அது. ஊர்ப் பதிவேடுகளுக்கு வட்டாட்சியர், மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுச் செய்யலாம். இணையத்திலும் செய்யலாம், தாளில் எழுதிப் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டியும் அனுப்பலாம். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். தமிழகம் 1997லேயே தனக்கென ஒரு தகவல் உரிமைச் சட்டம் இயற்றிய மாநிலம் என்பதை இங்கே நினைவுகூரலாம். விதிவிலக்குகள் மலிந்த சட்டம் அது என்பதையும்.

மனுவில் 'எங்கள் ஊரில் பஞ்சமி நிலம் எவ்வளவு?' என்று கேட்பதைவிட, இன்ன கிராமத்தின் யுடிஆருக்கு முந்தைய 'அ' பதிவேட்டில் இன்ன புல எண்ணுக்குரிய பக்கத்தின் சான்றிட்ட நகல் வேண்டும் என்று கேட்பது நல்லது. கணக்கைத் தொகுத்துத் தர அலுவலர் மறுக்கலாம். இருக்கும் ஏட்டின் பக்கத்தை மறுப்பது கடினம். ஏட்டை நேரில் பார்வையிடவும் இச்சட்டம் உரிமை தருகிறது. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமில்லை. பார்வையிடலையே நாம் பரிந்துரைப்போம். அடித்தெழுதிய மையின் நிறம் நகலில் தெரிவதில்லை.

அண்மையில் ஒரு புதிய தடையும் சேர்ந்திருக்கிறது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தில் தனிநபர் தகவல் பற்றிய விலக்கைத் திருத்தியது. 2025 நவம்பரில் அத்திருத்தம் நடைமுறைக்கும் வந்தது. பொது நடவடிக்கையோடு தொடர்பில்லாதது, தேவையின்றி அந்தரங்கத்தில் தலையிடுவது என்றிருந்த வரம்புகள் நீங்கி, தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்றாயிற்று. இன்று பஞ்சமி நிலம் யார் பெயரில் இருக்கிறது என்ற கேள்விக்கு இதையே பதிலாகத் தரும் அலுவலர் இருக்கக்கூடும். ஆனால் பொதுநலன் பெரிதெனில் விலக்குள்ள தகவலையும் தரலாம் என்னும் 8(2)ஆம் பிரிவு சட்டத்தில் அப்படியே இருக்கிறது. மனுவிலேயே அப்பிரிவைச் சுட்டி, 1892ஆம் ஆண்டின் அரசாணை எண்ணையும் எழுதிவிட வேண்டும். மறுப்பு வந்தால் முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதன் முடிவுக்குப் பின் தொண்ணூறு நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். அனுப்பிய ஒவ்வொரு மனுவின் நகலையும் ஒப்புகைச் சீட்டையும் எடுத்துவைக்க மறக்க வேண்டாம்.